காரணம் எழுதாத நாற்பத்தொரு பேர்

அந்தக் கூட்டத்தில் பேச முடியாது என்று டாக்டர் வசீலா கோர்பெல் முதலிலேயே சொல்லியிருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது. தெற்கு வட்டார அறுவை மருத்துவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸில் கூடுவார்கள். அந்த முறை, இருபது ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நம் பக்கத்தில் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று அவர் பேச வேண்டும் எனக் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டு. கேட்டதும் அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. உடனே ஒப்புக்கொண்டார்.

ஸ்ஃபாக்ஸில் அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கறாரானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர். ஆளுநர் வீட்டிலிருந்து வந்தாலும் ஆடு மேய்க்கிறவன் வீட்டிலிருந்து வந்தாலும் அவருக்கு ஒரே வரிசைதான். ஒருமுறை தன் சொந்த நாத்தனாரையே இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார். அதை மருத்துவமனையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வசீலாவுக்கும் அந்தக் கதை பிடிக்கும். யாராவது சொல்லும்போது வேண்டாம் என்பதுபோல் கையை அசைப்பாரே தவிர, நிறுத்தச் சொன்னதில்லை.

பயிற்சி மருத்துவர் ரஹ்மாவைக் கூப்பிட்டு, இருபது வருடக் கோப்புகளையும் எடுத்து வயது, கட்டியின் அளவு, செய்த அறுவை, அக்குளில் எடுத்த நிணநீர் நெறிகள், முகவரி என்று கட்டம் கட்டமாக எழுதச் சொன்னார்.

"அப்புறம் காரணம்னு ஒரு கட்டம் போடு. கட்டி சின்னதா இருந்தும் முழு மார்பையும் எடுத்திருந்தா, ஏன் எடுத்தோம்னு அதுல வரணும். ரெண்டு எடத்துல கட்டி இருந்திருக்கும், இல்ல அந்தப் பொம்பளையே முழுசா எடுத்துடுங்கன்னு கேட்டிருக்கும். எல்லாம் கோப்புல இருக்கும்."

ஆறு வாரம் கழித்து ரஹ்மா வந்தாள். உள்ளே வராமல் கதவருகேயே நின்றாள்.

"மேடம், நாப்பத்தொரு பேருக்குக் காரணம் கிடைக்கல."

"ஒழுங்கா தேடினியா?"

"மூணு தடவ தேடினேன் மேடம். எழுதவே இல்ல."

"யாரு செஞ்ச கேஸு அதெல்லாம்? எழுதாம விட்ட சோம்பேறி எவன்?"

ரஹ்மா மேசைமேல் இருந்த அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்க கேஸுங்க மேடம்."

அந்தத் தாள்களை வசீலா வீட்டுக்கு எடுத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் தோட்டத்தில் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயதுப்படி அடுக்கிப் பார்த்தார், ஒன்றும் புலப்படவில்லை. ஆண்டுப்படி அடுக்கினார், அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் முகவரிப்படி அடுக்கினார்.

அடுக்கி முடித்தபோது அவருடைய காபி ஆடை கட்டிப் போயிருந்தது. நகரத்துக்குள் வீடு இருந்த பெண்களில், சின்னக் கட்டியோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்து மார்பை விட்டுவைத்திருந்தார். கெர்கென்னா தீவிலிருந்தும் ஆலிவ் விளையும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் வந்தவர்களில் பத்தில் ஒருத்திக்குக்கூட விட்டுவைக்கவில்லை. கட்டி ஒரே அளவு, நோயின் நிலையும் ஒன்றுதான், கையெழுத்தும் ஒன்றுதான். வீடு இருந்த இடம்தான் வேறு.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் பயிற்சிக்கு வந்த காலத்தில் மூத்த மருத்துவர்கள் மார்போடு அதன் அடியில் இருந்த தசையையும் வழித்தெடுத்தார்கள். தோலுக்குக் கீழே விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும். அப்புறம் தசையை விட்டார்கள். அதற்கும் அப்புறம் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்து, மிச்சத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை வைத்தால் போதும், ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. இருபது வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் 2002லேயே வெளியாகிவிட்டன. மறு வருடம் அதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு வண்ணப் படம் போட்டுப் பாடம் எடுத்தவரே வசீலாதான். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

நாற்பத்தொன்றில் ஒரு பெயர் அவருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஷெத்லியா, கெர்கென்னாவில் எல் அத்தாயா என்ற மீனவ ஊர்க்காரி. 2006 மார்ச் மாதம், வியாழக்கிழமை. அப்போது வயது முப்பத்தாறு, கட்டி பதினைந்து மில்லிமீட்டர். அதே வாரம் செவ்வாய்க்கிழமை, முழுப் பட்டியலில் இன்னொரு பெயர்: ஃபவ்சியா, வங்கி மேலாளரின் மனைவி, வசீலாவோடு ஒரே பள்ளியில் படித்தவள். அவளுக்கும் கட்டி பதினைந்து மில்லிமீட்டர்தான். ஃபவ்சியாவைத் தன் அறையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார் வசீலா. கட்டியை மட்டும் எடுத்து அனுப்பினார்.

ஷெத்லியா ஒவ்வொரு மார்ச்சிலும் பரிசோதனைக்கு வருகிறவள். உள்ளே வந்ததும் வசீலாவின் தோளில் முத்தமிட்டு, "உங்க கையாலதான் டாக்டரம்மா உசிரோட நடமாடுறேன்" என்பாள். பயிற்சி மருத்துவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த முத்தத்தை வசீலா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவரே பதிவறைக்குப் போய் ஷெத்லியாவின் பழைய கோப்பை எடுத்தார். முதல் தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் பதிவு எழுத்தர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'சிகிச்சைக் காலத்தில் தங்குமிடம்: அக்கா வீடு, மஹ்தியா சாலை.' மருத்துவமனை வாசலிலிருந்து அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம். தீவுக்காரி தினமும் கப்பல் ஏறி ஐந்து வாரம் கதிர் வைத்துக்கொள்ள வர மாட்டாள், பாதியில் நிறுத்திவிடுவாள், நோய் திரும்பிவிடும் என்று வசீலா அவளுக்காகத் தானே முடிவு செய்திருந்தார். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து அவளிடம் கேட்கவும் இல்லை.

மயக்க மருத்துவர் லம்ஜெத் அவரோடு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். மருத்துவமனைக்கு எதிரே இருந்த காபிக் கடையில் வசீலா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்.

"இதுக்குத்தான் முகத்த இப்படித் தூக்கி வச்சிருக்கியா?" என்றார் லம்ஜெத். "அப்ப கதிர் மிஷின் ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதி நாள் ரிப்பேரு. காத்திருக்கற வரிச நாலு மாசம். மறந்துட்டியா?"

"ஃபவ்சியாவுக்கு மட்டும் எப்படி அடுத்த மாசமே கெடச்சுது?"

"நீ போன் போட்ட, கெடச்சுது."

"அதத்தான் சொல்றேன். அந்தப் போன நாப்பத்தொரு பேருக்குப் போடல."

லம்ஜெத் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வசீலா, அவ உயிரோட இருக்கா. மூணு பிள்ளைங்களக் கட்டிக் குடுத்திருப்பா. போய்க் கெளறாத. உன் மனசு லேசாகணும்னு அவ மனசுல கல்லத் தூக்கி வைக்கப்போறியா?"

வசீலா காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். ஆனாலும் ஒன்று மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஷெத்லியா கேட்டிருந்தாள். அது வசீலாவுக்கு நன்றாக நினைவு இருந்தது. வெளியே அறுபது பேர் காத்திருந்த நாள் அது. யாரோ வானொலியில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள் போல. "டாக்டரம்மா, கட்டிய மட்டும் எடுத்துட்டு மார விட்டுட முடியாதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து வசீலா தலையைக்கூடத் தூக்கவில்லை. "உனக்கு மாரு வேணுமா, உசிரு வேணுமா?" என்றார். பக்கத்தில் நின்ற தலைமைச் செவிலி கத்தூஜா சும்மா இருக்கவில்லை. "மூணு பெத்தாச்சு, இன்னும் யாருக்குடி காட்டப்போற?" என்று சிரித்தாள். வசீலாவும் சிரித்தார். கொஞ்சமாகத்தான். பிறகு, "வேற வழி இல்லம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்த வார சனிக்கிழமை அவர் கப்பல் ஏறினார். போகும் வழி முழுவதும் மேல்தளத்தில் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கினார். அடுக்கியதெல்லாம் நோயாளிக்கு மருத்துவர் சொல்வது போலவே வந்தது. கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினார்.

வருகிறேன் என்று முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதுவே தப்பாகப் போயிற்று. ஷெத்லியா வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வசீலா நுழைந்ததும் குலவை இட்டார்கள். ஒருத்தி தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டாள். இன்னொருத்தி கைக்குழந்தையை அவர் மடியில் வைத்து, "டாக்டரம்மா கை பட்டா நல்லது" என்றாள். மீனோடு குஸ்குஸ், அந்தக் கோதுமை ரவைச் சோறு, தாம்பாளத்தில் வந்தது. மீனின் தலைப்பகுதியை விருந்தாளிக்கென்று எடுத்து வைத்தாள் ஷெத்லியா. அவளுடைய கணவர் மூல்தி, வெயிலில் கறுத்த பெரிய உடம்புக்காரர், வாசலில் நின்று கை கழுவிக்கொண்டே, "ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தா மீனுங்ககிட்டச் சொல்லி வச்சிருப்பேன் டாக்டரம்மா. இன்னும் கொஞ்சம் பெருசா வந்து மாட்டியிருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வசீலா குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஷெத்லியா பரிமாறும்போது அவள் வலது கையைக் கவனித்தார். இடது கையைவிட அது தடித்திருந்தது. சட்டையின் வலது கைப்பகுதியை மட்டும் பிரித்து, வேறு துணி கொடுத்து அகலமாக்கித் தைத்திருந்தாள். அன்று அக்குள் நெறிகள் இருபதையும் எடுத்ததால் வந்த வீக்கம். இருபதில் ஒன்றில்கூட நோய் இல்லை. முதல் நெறியை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்த்து, அதில் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடும் முறை அந்த மருத்துவமனைக்கு வந்ததே ஆறு வருடம் கழித்துத்தான். கை வீங்கியது அந்தக் காலத்தின் குறை, மார்பு போனது என்னால் என்று வசீலா பிரித்துப் பார்த்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலேயே இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டிருப்பதை நினைத்து அதற்கும் வெட்கப்பட்டார்.

"இன்னும் கடல்ல எறங்கிச் சிப்பி பொறுக்குறியா?" என்று கேட்டார்.

"இவளா?" பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி முந்திக்கொண்டாள். "முன்னெல்லாம் தண்ணி வத்தினா முழங்கால் ஆழத்துல மொத ஆளா நிப்பா. இப்ப எங்களோட எறங்கறதே இல்ல டாக்டரம்மா. மகாராணி ஆயிட்டா!"

"கை வலிக்குதுடி" என்றாள் ஷெத்லியா, அவளைப் பார்க்காமலேயே. ஈரத் துணி உடம்போடு ஒட்டினால் மார்பில்லாத பக்கம் தெரியும், அதுதான் காரணம் என்று வசீலா புரிந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூல்தி கடலில் நட்டிருந்த ஓலை அடைப்பில் மீன் விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் படகை எடுத்துக்கொண்டு போனார். "உன்னோட தனியா கொஞ்சம் பேசணும்" என்றார் வசீலா.

ஷெத்லியாவின் முகம் வெளிறிப்போயிற்று. "திரும்பிடுச்சா? மார்ச்சு மாசம் எடுத்த படத்துலயா? அதச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்தீங்களா?"

"இல்ல இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ நல்லா இருக்க." வசீலா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். வந்து பத்து வார்த்தை பேசுவதற்குள் மறுபடியும் அவளைப் பயமுறுத்தியாயிற்று.

பிறகு சொன்னார். கப்பலில் அடுக்கி வைத்த எதுவும் வரவில்லை. அன்று வேறு வழி இருந்தது என்றார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் வைத்திருக்கலாம், இதே அளவு ஆயுள்தான் என்றார். அதே வாரம் இன்னொருத்திக்கு அப்படித்தான் செய்தேன், அவள் எனக்குத் தெரிந்தவள் என்றார். நீ தீவிலிருந்து வர மாட்டாய் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன், உன் அக்கா வீடு பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை என்றார்.

ஷெத்லியா தாம்பாளத்தைச் சுற்றி விழுந்திருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கதிரு, அந்தக் கரண்ட் வச்சா போதும்னா இருந்துச்சு?"

"ஆமா."

"எங்கக்கா வீட்டுலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இருந்தேன். தெனம் அவ புள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல விட உங்க ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போவேன்."

வசீலா தலை குனிந்தார்.

"அன்னைக்கு நான் உங்களக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"ஷெத்லியா..."

"சொல்லுங்க டாக்டரம்மா. நான் கேக்கணும்."

வசீலா சொன்னார். அந்த வார்த்தைகளை அவள் வீட்டுக் கூரைக்குக் கீழே, அவள் சோற்றைத் தின்ற வாயால் திருப்பிச் சொல்வது, அன்று சொன்னதைவிடப் பல மடங்கு கடினமாக இருந்தது.

"அந்த நர்ஸம்மா சொன்னது?"

அதையும் சொன்னார்.

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமா. சிரிச்சேன்."

ஷெத்லியா உள்ளங்கைப் பருக்கைகளைத் தாம்பாளத்தில் கொட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"பன்னெண்டு வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா? சாவு வாசல்ல நிக்கறப்ப, மூணு பிள்ளையையும் மறந்துட்டு, மாரப் பத்திக் கேட்டவ நான்னு. என்ன பொம்பள நான்னு. ஒரு மனுஷிகிட்டக்கூடச் சொன்னதில்ல. அவருக்குக்கூடத் தெரியாது. விளக்க அணைக்காம அவரு முன்னாடி நான் துணி மாத்தினதில்ல. அவரு ஒண்ணுமே கேக்கல, பாவம். தழும்பு பாக்கறதுக்குப் பயப்படுறேன்னு நெனச்சிக்கிட்டாரு. தழும்புக்கு இல்ல டாக்டரம்மா. அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு."

வெளியே யாரோ ஆட்டை விரட்டினார்கள்.

"வருஷா வருஷம் உங்க தோள்ல முத்தம் வைக்கறப்பல்லாம், கடவுளே, நான் கேட்டத இந்தம்மா மறந்திருக்கணும்னு வேண்டிக்குவேன். நீங்க மறக்கல. நானும் மறக்கல. நான் கேட்டது தப்பே இல்லன்னு இப்ப வந்து சொல்றீங்க."

"தப்பே இல்ல. சரியான கேள்வி. நான்தான் பொய் சொன்னேன்." வசீலா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க. ஆனா இன்னைக்கே பதில் வேணும்னு நிக்காதீங்க."

"சரிம்மா."

"நாலு மணிக் கப்பலு போயிடும். கெளம்புங்க."

வசீலா எழுந்தார். கால் மரத்திருந்தது. ஷெத்லியாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வாசலுக்கு வந்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையாட்டினாள். ஷெத்லியா உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "ஊரே பாக்குது. சிரிச்சிக்கிட்டே நடங்க. நானும் சிரிக்கிறேன்."

தெருமுனையில் வாடகை வண்டி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே சிரித்த முகத்தோடு நடந்தார்கள்.

கூட்டம் நவம்பரில் நடந்தது. ஸ்ஃபாக்ஸில் ஒரு விடுதியின் அரங்கம், நூற்றிருபது மருத்துவர்கள். முதல் இருபது நிமிடம் வசீலா எல்லாரும் எதிர்பார்த்ததைச் சொன்னார். எந்த ஆண்டில் எது எத்தனை விழுக்காடு, எப்போது ஏறியது, எப்போது இறங்கியது. அப்புறம் முகவரிப்படி அடுக்கிய படத்தைத் திரையில் போட்டார். "இந்த நாற்பத்தொரு பேருக்கும் வேறு வழி இருந்தது. நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருத்தி கேட்டாள். அவளிடம் பொய் சொன்னேன்" என்றார். ரஹ்மா மூன்றாவது வரிசையில் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தாம்மா செஞ்சோம். இத நீ இவ்வளவு மனசுல போட்டுக்கணும்னு இல்ல" என்றார். கஃப்ஸாவிலிருந்து வந்த இளம் அறுவை மருத்துவர் ஒருத்தி எழுந்து, "அந்தக் காலம்னு சொல்றீங்க சார். எங்க எடத்துல போன வாரம்கூட அப்படித்தான் நடந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு சூடுபிடித்தது.

தேநீர் இடைவேளையில் பலர் வந்து வசீலாவின் கையைக் குலுக்கினார்கள். உங்கள் துணிச்சல் யாருக்கு வரும் என்றார்கள். அவருக்குள் ஏதோ இளகி லேசானது. முகம் கழுவப் போனபோது, தடுப்புக்கு அந்தப்பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரிட்டையர் ஆகப்போற நேரத்துல நல்ல பேரு வாங்கிட்டுப் போறாங்கப்பா."

"பின்னே? மாரு போனது யாருக்கோ, கைதட்டு இவங்களுக்கு."

வசீலா குழாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பெண்கள் சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மனம் லேசானதே, அதை நினைத்து உடம்பு கூசியது.

நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் உயிரோடு இருந்தார்கள், தொலைபேசி எண்ணும் கிடைத்தது. மதியம் வார்டு சுற்றி முடித்ததும் தினம் இரண்டு பேரைக் கூப்பிட்டார். சிலர் நன்றி சொன்னார்கள், அது திட்டைவிட மோசமாக இருந்தது. ஒருத்தி எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். ஸ்கிராவில் ஒரு பெண், பேத்திக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தவள், முழுவதையும் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இத ஏன் இப்ப எங்கிட்டச் சொன்னீங்க? விதின்னு நெனச்சு நிம்மதியா இருந்தேனே. இனிமே கண்ணாடியப் பாக்கறப்பல்லாம் உங்க மூஞ்சிதான தெரியும்?"

லம்ஜெத் காபிக் கடையில் சொன்னது அப்போது வசீலாவுக்கு உறைத்தது. ஒரு வாரம் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டபோது, எடுத்ததும் விஷயத்தைச் சொல்லவில்லை. "உங்க பழைய ஆபரேஷனப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. இப்ப உடம்புக்கு ஆபத்து எதுவும் இல்ல. தெரிஞ்சிக்க விருப்பமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். முதலில் கேட்க வேண்டும் என்பது இதில்கூட ஒருத்தி அழுத பிறகுதான் அவர் புத்திக்கு எட்டியது.

மார்ச் வந்தது. ஷெத்லியா பரிசோதனைக்கு வந்தாள், ஆனால் வசீலாவிடம் அல்ல. பெயரை இளைய மருத்துவர் சலீமின் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நடைவழியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். வசீலா நின்றார்.

"நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்றாள் ஷெத்லியா. 'அம்மா' இல்லை. முத்தமும் இல்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"நல்லா இருக்கேன். நீ?"

"இருக்கேன்." ஒரு கணம் நின்றாள். "அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கள வந்து படகுத் துடுப்பால அடிக்கணும்னு குதிச்சாரு. நான்தான் பெட்ரோல் செலவு வீண்னு நிறுத்தினேன்." சிரிக்கவில்லை, ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று அசைந்தது. போய்விட்டாள்.

அவள் அரை மணி நேரம் உட்கார்ந்து மார்பைப் புதிதாக அமைத்துக்கொள்வதைப் பற்றிக் கேள்வி கேட்டதாக சலீம் பிறகு சொன்னார். "பதினோரு கேள்வி மேடம். எங்க ஸ்டூடண்ட்ஸ்கூட இப்படிக் கேக்க மாட்டாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, வேண்டாம், தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்னுட்டாங்க." வசீலா கேட்ட மன்னிப்புக்கு அவள் கடைசிவரை பதில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

ஓய்வுக்கு முந்தின வருடம், மக்னாசி பக்கத்திலிருந்து நாஜியா என்று ஒருத்தி வந்தாள். எண்ணெய்ச் செக்கில் வேலை, நாற்பத்துநாலு வயது, கட்டி பன்னிரண்டு மில்லிமீட்டர். வசீலா கதவைச் சாத்தச் சொன்னார். கத்தூஜா இருந்த இடத்தில் இப்போது வேறு செவிலி. தாளில் படம் வரைந்து இரண்டு வழிகளையும் விளக்கினார். ஐந்து வாரமாக இருந்த கதிர் சிகிச்சை இப்போது மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார். வெளியூர்ப் பெண்கள் தங்க மருத்துவமனைக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்றும், அங்கே தன் பொறுப்பில் ஒரு படுக்கை ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார்.

"உசிருக்கு ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"நீங்க எதச் சொல்றீங்க?"

"நீ வீட்டுக்குப் போய் யோசி. ஒரு வாரம் கழிச்சு வா. எது கேக்கணும்னாலும் கேளு, எத்தன தடவ வேணும்னாலும்."

ஒரு வாரம் கழித்து நாஜியா வந்தாள். "முழுசாவே எடுத்துடுங்க டாக்டரம்மா" என்றாள். "எம் பெரிய மகளுக்குப் பொறந்ததுலேர்ந்து நடக்க வராது. மூணு வாரம் அவளத் தூக்கி உக்கார வைக்க ஆளில்ல. தங்க எடம் இருக்குன்னு சொன்னீங்க, அதையும்தான் யோசிச்சேன். எனக்கு இதுதான் சரி."

அதைக் கேட்டதும் வசீலாவின் மனத்தில் ஒரு குரல் குபீரென்று எழுந்தது: பார்த்தாயா, இவர்கள் வர மாட்டார்கள், அன்று நான் நினைத்தது சரிதானே. கண் இமைக்கும் நேரம்தான். முகம் முழுக்கச் சூடு பரவியது. இத்தனைக்கும் பிறகும் அந்தக் குரல் எங்கேயும் போகவில்லை, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

"என்ன டாக்டரம்மா, நான் சொன்னது தப்பா?" என்று கேட்டாள் நாஜியா, அவர் முகத்தைப் பார்த்து.

"இல்லம்மா, நீ சொன்னதுல தப்பே இல்ல" என்றார் வசீலா. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "மகளுக்குப் பேரு என்ன? நீ ஆஸ்பத்திரியில இருக்கற நாலு நாளு அவள யாரு பாத்துக்குவாங்க, சொல்லு."